ரோடு என்ற சவாரி

1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை மெட்ராஸைப் பிடித்தது. பிடித்த சூட்டோடு திரும்பிப் போக அவரால் முடியவில்லை. அக்டோபரில் வீசிய புயலில் அவருடைய கப்பல்கள் சில மூழ்கின. தப்பியவை பாய்மரம் முறிந்து தத்தளித்தன. ஆங்கிலத்தில் இதை எழுதியவர்கள், கப்பல்கள் நின்ற இடத்தை 'மெட்ராஸ் ரோட்ஸ்' என்கிறார்கள். கம்பெனிக் காலத்துக் கடிதங்களிலும் பயணக் குறிப்புகளிலும் இந்தப் பெயர் அடிக்கடி வரும். மவுண்ட் ரோடும் பூந்தமல்லி ஹை ரோடும் பழகிய கண்ணுக்கு இது அச்சுப்பிழை போலத் தெரியும். கப்பலுக்கு ரோட்டில் என்ன வேலை?

மெட்ராஸுக்கு அன்று துறைமுகம் கிடையாது. 1870களில் கட்டத் தொடங்கி, 1881 புயலில் அடிவாங்கி, மறுபடி எழுந்த துறைமுகத்தின் கதை பிற்பாடு. அதுவரை கப்பல்கள் கரையிலிருந்து எட்டத்தில், திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆளும் மூட்டையும் கரை சேர மசூலாப் படகுதான் கதி. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அந்தப் படகு, அலை மோதும்போது நெளிந்துகொடுக்கும், உடையாது. கப்பல்கள் அப்படிக் காத்து நின்ற நீர்ப்பரப்புக்குத்தான் ரோட்ஸ் என்று பெயர். நங்கூரத்தில் கட்டுண்டு அலையோடு ஏறி இறங்கும் கப்பல் 'ரைட்' செய்கிறது என்பது ஆங்கில மாலுமி வழக்கு. குதிரை மேல் போகிறவனுக்குச் சொல்லும் அதே வினைதான். ரைட் செய்யும் இடம் ரோட். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 மார்ச்சில், இரும்புக் கவசக் கப்பல்கள் இரண்டு முதன்முறையாக மோதிக்கொண்ட ஹாம்ப்டன் ரோட்ஸும் இப்படி ஒரு நீர்ப்பரப்பே.

இந்தக் கடற்பொருளை ரோடு என்ற சொல்லின் ஒட்டுப்பொருள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நாம் அறிந்த தரைப்பொருளைவிட அதற்கு வயது அதிகம். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே அது இருக்கிறது. ஊருக்கு ஊர் போகும் தடம் என்ற பொருளில் ரோடு என்று ஆங்கிலேயர்கள் எழுதத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். ஷேக்ஸ்பியர் 1590களில் எழுதிய நாடகங்களில் அந்தப் பொருள் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்த புதுக்காசு.

அதற்கு முன் அந்தச் சொல் என்ன செய்துகொண்டிருந்தது? பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'ராட்'. பொருள், சவாரி. குதிரைமேல் ஏறிப் போவது, அதிலும் பகைவன் ஊர்மேல் படையெடுத்துப் போவது. 'பெயவுல்ஃப்' காவியத்தில் கடலுக்கு ஒரு கூட்டுச்சொல் உண்டு. அதைப் பிரித்தால் திமிங்கலத்தின் ராட் என்று வரும். நவீன ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் அதைத் திமிங்கலச் சாலை என்றார்கள். காவியம் பிறந்த காலத்துப் பொருளில் கேட்டால், திமிங்கலம் சவாரி போகும் வெளி. ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் இதே ராட் 'ரெய்ட்' என்று திரிந்தது. இரவில் எல்லை தாண்டி வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் குதிரைக் கும்பலின் வேலைக்கு அங்கே அதுதான் பெயர். வழக்கொழிந்து கிடந்த அந்தச் சொல்லை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்டர் ஸ்காட் தம் எழுத்தில் பிழைக்க வைத்தார். வருமான வரித்துறை ரெய்டு என்று நாம் செய்தியில் படிப்பதும், ரோடு என்று நாளெல்லாம் சொல்வதும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகள். ஆக்கிரமிப்பைக் குறிக்கும் 'இன்ரோட்' என்ற சொல்லிலும் உள்ளே பாய்ந்து வரும் குதிரைகளின் குளம்படிதான் இருக்கிறது, சாலை இல்லை.

அகராதியில் இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வே, ஸ்ட்ரீட், பாத், லேன், ரூட், ஹைவே, டிராக் என்று ஒத்த சொற்களின் வரிசை நிற்கும். பள்ளிப் பாடத்தில் இவற்றை ஒரே பொருள் குறித்த பல சொற்கள் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு ஆட்களிடமிருந்து, வேறு காரியத்திலிருந்து வந்தது. யார் போனார்கள், எப்படிப் போனார்கள், தரையை என்ன செய்தார்கள், எந்த உரிமையில் போனார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கு இந்தச் சொற்கள் வெவ்வேறு பதில் வைத்திருக்கின்றன.

மூத்தது 'வே'. சுமந்து செல்வது என்று பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது. அதே வேர் சமஸ்கிருதத்தில் 'வஹ்' ஆனது. வாகனமும் விவாகமும் அங்கிருந்துதான் தமிழுக்கு வந்தன. பெண்ணைக் கொண்டு செல்வது விவாகம். ஆங்கிலத்து வேகனும் இதே குடும்பம். ஆகவே ஹைவேயில் வாகனம் போகிறது என்று சொல்லும்போது, பல ஆயிரம் ஆண்டு முன் பிரிந்த இரண்டு பங்காளிகள் ஒரு வாக்கியத்தில் சந்திக்கிறார்கள்.

'ஸ்ட்ரீட்' வேறு சாதி. லத்தீனில் பரப்புவது, விரிப்பது என்ற வினையிலிருந்து வந்த 'ஸ்ட்ராட்டா', கல் பாவிய வழி. ரோமானியப் படையிடமிருந்து ஜெர்மானிய இனத்தார் இதை வெகு முன்பே வாங்கிக்கொண்டார்கள். ஜெர்மனில் அது ஷ்ட்ராசே, டச்சில் ஸ்ட்ராட். அரபியில் வழியைக் குறிக்கும் 'சிராத்' என்ற சொல்லும் இதே லத்தீன் சொல் கிரேக்க, அராமிய மொழிகள் வழியே போய்ச் சேர்ந்தது என்பது பல மொழியியலாளர்களின் கருத்து. தொழுகையில் நேர்வழி கேட்கும் ஒருவர் நாவிலும், ரோமானியர்கள் பரப்பிய கல்லின் எதிரொலி இருக்கிறது என்றால் அது சின்ன விஷயமில்லை.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம ஆட்சி பிரிட்டனை விட்டுப் போனது. பின்னால் வந்து குடியேறிய ஆங்கிலோ-சாக்ஸன்கள், தாங்கள் போடாத, போடவும் தெரியாத நீண்ட கல்வழிகளைக் கண்டார்கள். அவற்றை ஸ்ட்ரீட் என்று அழைத்தார்கள். கென்ட் கடற்கரையிலிருந்து லண்டன் வழியாக வடமேற்கே போகும் வாட்லிங் ஸ்ட்ரீட், லண்டனிலிருந்து லிங்கன் வழியாக யார்க் போகும் எர்மின் ஸ்ட்ரீட் எல்லாம் அப்படிப் பெயர் பெற்றவை. இரண்டு பக்கமும் வீடு நிற்கும் தெரு என்ற நினைப்போடு இவற்றைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். இவை நூறு மைலுக்கு மேல் ஓடும் படைவழிகள். கல்வழி ஆற்றைக் கடந்த துறைகளில் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற ஊர்கள் முளைத்தன. ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரின் பெயர் இப்படி ஒரு ரோமானியச் சாலையும் ஒரு ஆற்றுத்துறையும் சேர்ந்தது. ஆனால் விதி எங்கும் செல்லாது. எக்ஸிட்டரிலிருந்து லிங்கன் போகும் ரோமானியச் சாலைக்கு ஃபாஸ் வே என்று பெயர்; அங்கே கண்ணில் பட்டது கல்லில்லை, பள்ளம். ஃபாஸ் என்றால் அகழி.

'ரூட்' என்பதும் லத்தீன் பிள்ளைதான். 'ருப்டா', உடைக்கப்பட்டது. காட்டை வெட்டி, பாறையைப் பிளந்து போட்ட வழி. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தினம் போகும் அதே வழி என்ற பொருளில் 'ரொட்டீன்' என்ற குழந்தையையும் பெற்றது. இங்கே ஒரு கோடு தெரிகிறது. ரோடும் வேயும் போகிறவனின் செயலால் பெயர் பெற்றவை. ஸ்ட்ரீட்டும் ரூட்டும் போட்டவனின் வேலையால் பெயர் பெற்றவை. குதிரையிலும் வண்டியிலும் இடம்பெயர்ந்த குடிகள் நடமாட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். சாலை போட ஆளும் வரியும் வைத்திருந்த பேரரசு கட்டுமானத்துக்குப் பெயர் வைத்தது. இந்தக் கோட்டை ரொம்ப நேராக இழுக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். பிரெஞ்சிலிருந்து வந்த 'ஆலி' போவதையும் 'அவென்யூ' வந்து சேர்வதையும் குறிக்கின்றன, இரண்டும் லத்தீன் வழி வந்தவை.

யார்க் நகருக்குப் போகிறவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் ஒரு வேடிக்கை சொல்வதுண்டு: இங்கே தெருவெல்லாம் கேட், கேட்டெல்லாம் பார், பாரெல்லாம் பப். 866இல் டேனியர்கள் அந்த ஊரைப் பிடித்தார்கள். 954 வரை, இடையில் கைமாறினாலும், அது ஸ்காண்டிநேவியர்களின் ஊராகவே இருந்தது. அவர்கள் மொழியில் தெருவுக்குக் 'காடா'. அது ஸ்டோன்கேட், மிக்கிள்கேட், காப்பர்கேட் என்று இன்றுவரை தங்கிவிட்டது. மிக்கிள்கேட் என்றால் பெரிய தெரு. அதன் முனையில் நிற்கும் கோட்டைவாசலுக்கு மிக்கிள்கேட் பார் என்று பெயர். கதவைக் குறிக்கும் ஆங்கில கேட் வேறு சொல். ஒலி மட்டும் ஒன்று.

ஒலி ஒற்றுமை பற்றி இன்னொன்று. 'பாத்' என்ற ஆங்கிலச் சொல்லையும் 'பாதை' என்ற நம் சொல்லையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் கை பரபரக்கும். பாத் ஈரானிய மொழிக் குடிகளிடமிருந்து மேற்கு ஜெர்மானியத்துக்குப் போயிருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு, அது நிரூபணமானதில்லை. உலகத்துச் சொற்களையெல்லாம் நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து கட்டும் உற்சாகத்துக்கு இங்கே கொஞ்சம் கடிவாளம் போடுவது நல்லது. 'லேன்' விஷயத்தில் அப்படிச் சிக்கலில்லை. வேலிகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் வண்டித்தடம் அது. கொங்கு நாட்டில் கிளுவை வேலிக்கு நடுவே போகும் இட்டேரியைப் பார்த்தவருக்கு லேன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அதிகம் ருசிப்பது 'ஹைவே'. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லத்தீனில் தொகுக்கப்பட்ட, முதலாம் ஹென்றி பெயரால் வழங்கும் ஆங்கிலச் சட்டத் தொகுப்பில், அரசரின் பெருவழி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வருகிறது. அதில் அடிக்கணக்கு இல்லை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் விலகிப் போக வேண்டும். இரண்டு ஓரத்தில் நிற்கும் மாட்டுக்காரர்கள் தாற்றுக்கோலை நீட்டினால் நுனியும் நுனியும் தொட வேண்டும். ஆயுதம் தாங்கிய 16 வீரர்கள் பக்கம் பக்கமாகக் குதிரையில் போக வேண்டும். வண்டிக்காரன், மாட்டுக்காரன், சிப்பாய் என்று போகிறவர்களை நிறுத்தி வைத்துத்தான் வழியை அளந்திருக்கிறார்கள். 1285இல் வந்த வின்செஸ்டர் சட்டம், சந்தை ஊர்களுக்கு நடுவே உள்ள பெருவழியின் இரண்டு பக்கமும் 200 அடிக்குப் புதரை வெட்டிவிடச் சொன்னது. கள்ளன் ஒளிய இடமிருக்கக் கூடாது. ஓக் முதலான பெருமரங்களுக்கு விலக்கு. இந்தச் சட்டத்திலும் வழியின் தரை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு சொல் இல்லை.

காரணம் உண்டு. இடைக்கால ஆங்கிலச் சட்டத்தில் பெருவழி என்பது நிலத்துண்டைவிட உரிமைதான். நிலம் பக்கத்துப் பண்ணைக்காரனுடையதாகவே இருக்கலாம்; அதன்மேல் அரசரும் அவர் குடிகளும் கடந்து போகும் உரிமைக்குத்தான் ஹைவே என்று பெயர். வழி சேறாகி நடக்க முடியாமல் போனால், பயணி பக்கத்து வயலில் இறங்கிப் பயிரை மிதித்துக்கொண்டு போகலாம் என்பதையும் பழைய நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. வழி அங்கும் இங்கும் நகரும், உரிமை நகராது.

ரோடு தரைக்கு வந்தது இந்தப் பின்னணியில்தான். 1555இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு நெடுஞ்சாலைச் சட்டம் போட்டது. ஒவ்வொரு பாரிஷிலும் குடிகள் ஆண்டுக்கு 4 நாள் கூலியில்லாமல் சாலை வேலை பார்க்க வேண்டும்; 1563இல் அதை 6 நாளாக்கினார்கள். மண்வெட்டியோடு ஆட்களை வரிசையாக நிறுத்த வேண்டுமென்றால், எந்தத் தரையில் என்று காட்டியாக வேண்டும். பயணத்தைக் குறித்த சொல், பயணம் போகும் தரைமேல் வந்து படிந்ததும் ஏறத்தாழ அந்தத் தலைமுறையில்தான். ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் பழுதுபார்க்க வேண்டிய, பணம் கேட்கிற, யாரையாவது குற்றம் சாட்ட வேண்டிய பொருளாகச் சாலை மாறிய காலத்தில் அதற்கென்று ஒரு தனிப்பெயர் தேவைப்பட்டது என்பது எனக்கு இயல்பாகப் படுகிறது.

பணம் விரைவில் பெரிதாகக் கேட்டது. 1663இல் லண்டனிலிருந்து வடக்கே போகும் பெருஞ்சாலையில், ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் வேட்ஸ்மில்லில் முதல் சுங்கத்தடை விழுந்தது. 'டர்ன்பைக்' என்பது ஈட்டி பொருத்திய சுழல் தடை. காசு கொடுத்தால் சுழலும். தடையின் பெயர் பிற்பாடு சாலைக்கே வந்துவிட்டது. அமெரிக்காவில் இன்றும் கட்டணச் சாலைக்கு டர்ன்பைக் என்று பெயர். 1830களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாலைப் பராமரிப்பு டிரஸ்ட்டுகள் சுங்கம் வாங்கின. 1839 முதல் 1843 வரை வேல்ஸில் விவசாயிகள் பெண்வேடம் போட்டு, ரெபெக்காவும் அவள் மகள்களும் என்று பெயர் சூட்டிக்கொண்டு, இரவில் சுங்கச்சாவடிகளை உடைத்தார்கள். பைபிளில் ரெபெக்காவை வாழ்த்துகிறவர்கள், அவள் சந்ததி பகைவரின் வாசல்களைப் பிடிக்கும் என்கிறார்கள். சுங்க வாசலுக்கு அது பொருந்திப் போனது.

அந்தச் சுங்கப் பணத்தில் வளர்ந்தவர்தான் ஜான் லௌடன் மெக்காடம். சிறு சிறு உடைகல்லைப் பரப்பி, போகிற வண்டியின் சக்கரத்தாலேயே அதை இறுக வைக்கும் முறை அவருடையது. சாலைக்கு உடைத்துப் போடும் கல்லை ஆங்கிலேயர்கள் 'மெட்டல்' என்றார்கள். கிரேக்கம் வழி வந்த லத்தீனில் அதற்குச் சுரங்கம் என்ற பொருளும் உண்டு, உலோகத்தை மட்டும் நினைக்க வேண்டாம். மராமத்து இலாகா அதை இங்கே கொண்டுவந்தபோது நம் ஆட்கள் கப்பிக்கல் என்று பெயரிட்டு, கப்பி ரோடு என்று வேலையை முடித்தார்கள். அதன்மேல் தார் ஊற்றி இறுக்கிய கலவைக்கு 1902இல் எட்கர் ஹூலி காப்புரிமை வாங்கினார். அது டார்மாக், மெக்காடமின் பெயரின் பாதி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இடையில் ஒரு கிளைக்கதை. 'புல்வார்' என்ற பிரெஞ்சுச் சொல் டச்சு மொழியின் கோட்டை அரணிலிருந்து வந்தது. 1670களில் பதினான்காம் லூயி பாரிஸின் மதில்களை இடித்து, அந்தக் கோட்டில் மரம் நட்டு உலாவும் வழியாக்கினார். அரணின் பெயர் வழிக்கு வந்தது. புதுச்சேரியிலும் அப்படியே. பழைய நகரைச் சுற்றி வரும் புல்வார்கள் மதில் நின்ற கோட்டை ஒட்டிப் போனவை. வடக்கு, மேற்கு, தெற்கு என்று இருந்தவை இன்று பட்டேல் சாலை, அண்ணா சாலை, சுப்பையா சாலை. சென்னையில் மதில் விட்டுச்சென்ற பெயர் இன்னும் நேரடியானது: வால்டாக்ஸ் ரோடு. மதிலைப் பராமரிக்க விதிக்க நினைத்த வரியின் பெயர் அது.

ரோடு என்ற சொல் எவ்வளவு இளையது என்பதற்கு லண்டனே சாட்சி. ஒரு சதுர மைல் என்று செல்லமாகச் சொல்லப்படும் பழைய சிட்டி பகுதிக்குள் ஸ்ட்ரீட், லேன், ஆலி, ஹில், கோர்ட் எல்லாம் உண்டு. ரோடு என்று பெயர் முடியும் வழி 1994 வரை ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டு எல்லையைத் திருத்தியபோது கோஸ்வெல் ரோட்டின் ஒரு துண்டு உள்ளே வந்தது. சிட்டியின் பெயர்கள் பெரும்பாலும் ரோடு தரையிறங்கும் முன்பே உறைந்துபோனவை. வெளியே போகும் வழிகளுக்கே ரோடு வாய்த்தது. கென்ட் பக்கம் போவது ஓல்ட் கென்ட் ரோடு. பூந்தமல்லிக்குப் போனதால் பூந்தமல்லி ஹை ரோடு, பரங்கிமலைக்குப் போனதால் மவுண்ட் ரோடு என்ற சென்னைப் பெயர்களும் அதே வழக்கு. தெருவில் வீடு இருக்கும், ரோடு ஊருக்குப் போகும் என்று இன்றும் கிராமத்தில் பிரித்துப் பேசுகிறார்களே, அதை ஆங்கிலேயர் பேச்சிலும் கேட்கலாம்.

20ஆம் நூற்றாண்டில் சட்டம் ஒரு வினோதம் செய்தது. 1949ஆம் ஆண்டுச் சிறப்புச் சாலைகள் சட்டத்தின்படி, சில வகை வாகனங்களுக்கு மட்டுமான வழி சாத்தியமானது. 1958 டிசம்பரில் பிரெஸ்டன் புறவழியில் திறந்த பிரிட்டனின் முதல் மோட்டார்வேயில் நடப்பவனுக்கும் சைக்கிளுக்கும் இடமில்லை. குதிரைக்கும் இல்லை.

அதே 1949இல் வந்த இன்னொரு சட்டம் எதிர்த்திசையில் போனது. தேசியப் பூங்காக்களை உருவாக்கிய அந்தச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள பொது நடைவழிகளையெல்லாம் உறுதி வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. பணக்காரர்களின் வேட்டைநிலத்துக்குள் 1932 ஏப்ரலில் தொழிலாளிகள் கூட்டமாக ஏறிய கிண்டர் ஸ்கௌட் போராட்டம் அதற்கு முன்கதை. வரைபடத்தில் சொற்கள் ஒத்த சொற்களாக இல்லை; ஒவ்வொன்றுக்கும் தனி உரிமை. ஃபுட்பாத்தில் நடப்பவர்கள் மட்டும். பிரைடில்வேயில் குதிரையும் போகலாம், 1968 முதல் சைக்கிளும். பைவே என்றால் வண்டியும். நாம் நகரத்தில் கடை விரிக்கும் ஃபுட்பாத்துக்கும் அந்த வயல்வெளி ஃபுட்பாத்துக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

வரைபடத்தில் ஏறாமல் போன பழைய வழிகளைச் சேர்க்க 2000ஆம் ஆண்டுச் சட்டம் 2026ஐக் கடைசிக் கெடுவாக வைத்தது. பிறகு அது 2031க்குத் தள்ளிப்போனது. கெடுவையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட வழிகள் 49,000 மைலுக்கு மேல் இருக்கலாம் என்பது நடைப்பயணிகள் சங்கமான ராம்ப்ளர்ஸின் கணக்கு. பழைய வரைபடமும் ஆவணமும் இல்லாதபோது சாட்சி சொல்ல வேண்டியது நடந்தவர்கள்தான். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையோடு ஒரு வழியில் போய்வந்திருந்தால் அது பொதுவழி என்று கொள்ளப்படும். தமக்கு அப்படிக் கொடுக்கும் எண்ணமில்லை என்று நிலச்சொந்தக்காரர் காட்டினால் தவிர. நம் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்திலும் தனியார் வழிக்கு அதே 20 ஆண்டு வருகிறது. கிரயப் பத்திரத்தில் 'மாமூல் வழிநடைப் பாத்தியம்' என்று எழுதுவது அந்த உரிமையைத்தான். 20 ஆண்டு தடையில்லாமல் விட்டால் பொதுவழி ஆகிவிடும் என்பதால்தான் இங்கிலாந்தில் சில சொந்தக்காரர்கள், பொதுமக்களைத் தினமும் விட்டுக்கொண்டே, ஆண்டில் ஒரு நாள் மட்டும் வாசலைப் பூட்டி வைத்தார்கள்.

உள்ளூராட்சி அலுவலகத்துக்குப் போகும் சாட்சிப் படிவத்தில் வழக்கமாக இந்தக் கேள்விகள் இருக்கும்: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை போனீர்கள்? எத்தனை தடவை? நடந்தா, குதிரையிலா, சைக்கிளிலா? வழியில் படல் இருந்ததா, பூட்டியிருந்ததா? அறிவிப்புப் பலகை ஏதும் கண்டீர்களா? யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினார்களா? கூடவே ஒரு வரைபடம் தருவார்கள். போன தடத்தை அதில் பேனாவால் கோடிட்டு, கையெழுத்துப் போட வேண்டும்.